ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியன்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை இச்சபையின் முன் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபோது, எதைக் குறித்துப் பேசுவதென்று நான் சிறிது தயங்கினேன். நான் புலவனுமல்லேன், நாவன்மை படைத்தவனுமல்லேன். 1986-ஆம் ஆண்டு முதல் 2019-ஆம் ஆண்டு வரை, 33 ஆண்டுக்காலம், கரிசற் பூமியிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்துக் காலங் கழித்தவன். எனக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றே. ஆகையால் அத்தொழிலைக் குறித்தே பேசத் துணிந்தேன். அன்றியும், இச்சபையிலுள்ளோருட் பலர் என்னைத் தெருவிற் காணுந்தோறும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, என் மகன் பத்து வருஷம் ஆங்கிலம் படித்தான், நாலு வார்த்தை பேச வாய் வரவில்லையே, ஏன்?" என்பதே அது. அக்கேள்விக்குத் தெருவில் நின்று விடை சொல்ல இயலாது. இன்று எனக்குத் தெரிந்தவரை விடை சொல்லப் பார்க்கிறேன். அவ்விடையில் என் குற்றமும் ஒரு பகுதியாதலால், அதனை முதலிற் சொல்லிவிடுவதே முறை.

1987-ஆம் ஆண்டு, நான் வேலைக்கு அமர்ந்த இரண்டாம் வருஷம், எட்டாம் வகுப்பில் ஒரு மாணாக்கனை எழுந்து பாடம் படிக்கச் சொன்னேன். மானாவாரிக் காடு இரண்டு ஏக்கர் வைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளை. குரல் கணீரென்றிருக்கும். பாடத்தில் காஃபி என்ற சொல் வந்தது. அவன் அதனைக் 'காப்பி' என்று படித்தான். நகல் எடுப்பதற்கும் ஆங்கிலத்திற் காப்பி என்று பெயர். நான் சிரித்துக்கொண்டே, "அப்படியானால் உங்கள் வீட்டிலே காலையில் நகலையா குடிக்கிறீர்கள்?" என்றேன். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. அன்று முதல் அப்பிள்ளைக்கு 'நகல்' என்று பெயராயிற்று. அந்த வருஷம் முழுவதும் அவன் என் வகுப்பில் வாய் திறக்கவில்லை. எழுந்து நிற்கச் சொன்னால் நிற்பான். படிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்தபடியே நிற்பான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றுவிட்டான். அவன் நின்றதற்கு வீட்டு வறுமையும் காரணமாயிருக்கலாம். ஆனால் அவன் வாயை அடைத்தது வறுமையன்று, நானே.

அச்சிறுவன் செய்த பிழை யாது? என் பாட்டனாரும் காப்பி என்றுதான் சொன்னார். நானும் வீட்டில் அப்படியே சொல்லுகிறேன். மேற்பல்லைக் கீழுதட்டின்மேல் வைத்துக் காற்றை ஊதிப் பிறப்பிக்கும் அவ்வொலி நம் மொழியில் இல்லை. இல்லாத ஒலியை அவன் காது கேட்டதில்லை; நா பழகியதுமில்லை. பல்லையும் உதட்டையும் எப்படி வைப்பது என்று முகத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கவேண்டியவன் ஆசிரியன். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம். நானோ என் வேலையைச் செய்யாமல், அதனைச் செய்யாத குற்றத்தை மாணாக்கன் தலையில் ஏற்றிச் சிரித்தேன்.

இதனை நான் உணர ஆறாண்டு சென்றது. 1993-ஆம் ஆண்டு ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு பகுதியை உரக்கப் படிக்க நேர்ந்தபோது, தீர்மானித்தல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை, எழுத்தை நம்பி, 'டிடர்மைன்' என்று படித்துவிட்டேன். 'டிடர்மின்' என்பதே அதன் ஒலி. இரண்டொருவர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்தனர், அவ்வளவே. முதுகலைப் பட்டம் பெற்ற நான், ஏழு வருஷம் கற்பித்த நான், அடுத்த இரண்டு நாள் அம்முகாமில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்தில் ஊர் திரும்பும்போதுதான் அச்சிறுவனின் முகம் நினைவுக்கு வந்தது. முப்பது வயது கடந்த எனக்கு ஒரு புன்னகை இப்படிச் செய்யுமானால், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வகுப்பின் சிரிப்பு எப்படிச் செய்திருக்கும்!

நிற்க. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கெங்கே இடறுகின்றனர், ஏன் இடறுகின்றனர் என்பதைச் சிறிது ஆராய்வோம். தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்து என்று நாம் இளமையிலே கற்றோம். ஆங்கிலத்துக்கு எழுத்து 26-தான் என்று கேட்ட பிள்ளை, அது மிக எளிய மொழி என்று மகிழ்கிறான். அவன் மகிழ்ச்சி நெடுநேரம் நிற்பதில்லை. அந்த 26 எழுத்தைக்கொண்டு, இங்கிலாந்தில் கற்றோர் வழங்கும் உச்சரிப்பில், ஏறக்குறைய 44 ஒலிகளை எழுதவேண்டியிருக்கிறது. ஆகவே ஓரெழுத்துப் பல வேலை பார்க்கிறது. ஒரே நான்கெழுத்துத் தொடர், ஒரு சொல்லில் 'தோ' என்றும், மற்றொன்றில் 'த்ரூ' என்றும், வேறொன்றில் 'காஃப்' என்றும், பின்னுமொன்றில் 'ரஃப்' என்றும் முடிகிறது. தமிழில் எழுத்தைக் கற்றவன் எச்சொல்லையும் படித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு வரும் பிள்ளைக்கு இஃது அநீதியாகவே தோன்றும். "எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்றா?" என்று கேட்பான். அவன் கேள்வி நியாயமானது. "ஆம், அந்த மொழியின் வரலாறு அப்படி, எழுத்து பழைய ஒலியைக் காட்டி நின்றுவிட்டது, நாக்கு மேலே நடந்து போய்விட்டது" என்று உண்மையைச் சொன்னால் அவன் ஒப்புக்கொள்வான். "உனக்கு அறிவு போதாது" என்று சொன்னால் நம்மையும் வெறுப்பான், பாடத்தையும் வெறுப்பான்.

தமிழில் ககரம் ஓரெழுத்தே. ஆனால் கண் என்னும்போது ஒருவிதமாகவும், தங்கம் என்னும்போது ஒருவிதமாகவும், பகல் என்னும்போது ஒருவிதமாகவும் ஒலிக்கிறது. நிற்கும் இடத்தைக்கொண்டு ஒலி மாறுவதால், இவை வெவ்வேறு ஒலிகள் என்று நம் காது எண்ணுவதேயில்லை. ஆங்கிலத்திலோ இவ்வேறுபாடே பொருளை மாற்றிவிடும். முதுகு என்று பொருள்படும் சொல்லையும், பை என்று பொருள்படும் சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'பேக்' என்றே வரும். நம் பிள்ளை இரண்டையும் ஒன்றாகச் சொல்லுகிறானென்றால், அவன் காது மந்தமென்பதன்று. தமிழுக்குப் பழகிய காது என்பதே பொருள்.

அங்ஙனமே பள்ளியை 'இஸ்கூல்' என்கிறான். புத்தகத்தைப் 'புக்கு' என்கிறான். வண்டியை 'பஸ்ஸு' என்கிறான். இதற்காக அடிவாங்கிய பிள்ளைகள் எத்தனை பேர்! தமிழ்ச்சொல் இரண்டு மெய்களைச் சேர்த்துக்கொண்டு தொடங்காது. வல்லின மெய்யில் முடியவும் முடியாது. மொழிக்கு முதலில் வரும் எழுத்து இவை, இறுதியில் வரும் எழுத்து இவை என்று நன்னூல் வகுத்துக் காட்டுகிறது. நன்னூலைக் கண்ணாற் கண்டிராத அச்சிறுவன், தன்னையறியாமலே அந்த விதிக்குக் கீழ்ப்படிந்து, முன்னே ஓர் இகரத்தையும் பின்னே ஓர் உகரத்தையும் சேர்த்துக்கொள்கிறான். அவன் செய்வது பிழையாயினும் மூடத்தனமன்று. ஓரிலக்கணத்தை நன்கு கற்றவன், மற்றோரிலக்கணத்தின் வாயிலில் நின்று தட்டுகிறான். கதவைத் திறந்து விடுவதே நம் கடமை.

இனிச் சொற்றொடரைக் கவனிப்போம். "நாய் பூனையைத் துரத்தியது" என்றாலும், "பூனையை நாய் துரத்தியது" என்றாலும் தமிழில் பொருள் ஒன்றே. துரத்தப்பட்டது எது என்பதை ஐகார வேற்றுமையுருபு காட்டிவிடுகிறது. ஆங்கிலத்தில் அவ்வுருபு இல்லை; சொல் நிற்கும் இடமே உருபின் வேலையைச் செய்கிறது. இடத்தை மாற்றினால் பூனை நாயைத் துரத்தத் தொடங்கிவிடும். இதனைக் கரும்பலகையில் விதியாக எழுதிப் பத்துமுறை சொல்லியும் புரியாத பிள்ளைகளுக்கு, மூன்று பேரை எழுப்பி, ஒருவன் நாய், ஒருவன் பூனை, நடுவில் நிற்பவன் துரத்துதல் என்று நிறுத்தி, இடம் மாற்றிக் காட்டினேன். ஐந்து நிமிஷத்தில் விளங்கிவிட்டது, பிறகு மறக்கவுமில்லை.

வந்தேன் என்றால் வந்தவன் நான் என்பது தமிழ் வினைச்சொல்லின் விகுதியிலேயே அடங்கியிருக்கிறது. ஆகையால் நம் பிள்ளை ஆங்கிலத்திலும் எழுவாயை விட்டுவிடுகிறான். 'எனக்கு இரண்டு தம்பிமார்' என்று நாம் நான்காம் வேற்றுமையிற் சொல்வதை அப்படியே பெயர்த்து, 'டு மீ டூ பிரதர்ஸ்' என்கிறான். பெயருக்கு முன்னே வரும் 'எ', 'தி' என்னும் சிறு சொற்களுக்கு நேரான சொல் நம்மிடம் இல்லையாதலால், அவற்றை வேண்டாத இடத்தில் இட்டும் வேண்டிய இடத்தில் விட்டும் எழுதுகிறான். ஒவ்வொரு பிழையையும் உற்று நோக்கினால் அதன் கீழே தமிழின் காலடித்தடம் தெரியும். தமிழிலக்கணம் அறியாத ஆங்கில ஆசிரியன் அத்தடத்தைக் காணமாட்டான். பிழையை மட்டுமே காண்பான். நான் நன்னூலை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கியது ஆங்கிலம் கற்பிக்க வந்து ஏழாண்டு கழித்துத்தான் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

இங்கே ஒன்றைக் கூறுதல் வேண்டும். ஆங்கிலத்தில் இல்லாதன தமிழில் உண்டு. நாம் வேறு, நாங்கள் வேறு. கேட்பவனைச் சேர்த்துச் சொல்வது ஒன்று, விலக்கிச் சொல்வது ஒன்று. ஆங்கிலத்துக்கு இரண்டிற்கும் ஒரே சொல். அண்ணன், தம்பி என்னும் இருவரும் அங்கே ஒருவரே. சித்தப்பா, பெரியப்பா, மாமா மூவரும் ஒருவரே. இதை நான் சொல்லும்போது வகுப்பு நிமிர்ந்து உட்காரும். தன் மொழியில் இவ்வளவு இருக்கிறதென்று அறிந்த பிள்ளை, பிறன் மொழிக்குள் கைகட்டி நுழையமாட்டான், விருந்தினனாக நுழைவான்.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா கூடாதா என்பது ஒரு பழைய வழக்கு. தமிழில் ஒரு வார்த்தை பேசினால் அபராதம் என்னும் பள்ளிகளும் உண்டு. நாற்பது நிமிஷமும் தமிழிலேயே உரை சொல்லி ஆங்கிலம் பேசாமலே ஆங்கிலப் பாடத்தை முடிக்கும் வகுப்புகளும் உண்டு. இரண்டும் தவறென்பது என் அனுபவம். தமிழ் ஓர் ஓடம். ஆற்றைக் கடக்க அது வேண்டும். கரையேறிய பின்னும் தலையிற் சுமந்து நடப்பதும் தவறு. கரையில் நிற்கும்போதே அதை உடைத்துவிட்டு நீந்து என்பதும் தவறு. ஒரு சொல்லுக்கு இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லித் தவிப்பதைவிட ஒரு தமிழ்ச்சொல்லைச் சொல்லிவிட்டு, மிச்சப்பட்ட நேரத்தில் அந்த ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் வாயிற் பத்துமுறை வழங்கச் செய்வதே மேல்.

இத்தொழிலில் நமக்கு முன்னோர் பலர் உண்டு. 1835-ஆம் ஆண்டில் மெக்காலே எழுதிய குறிப்பினால் இந்நாட்டில் ஆங்கிலக் கல்வி வேரூன்றியதென்பது யாவரும் அறிந்ததே. ஆனால், அக்கல்வியைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புகட்டுவது என்று வகுப்பறையில் நின்று சிந்தித்தவர்களைப் பலர் அறியார். டாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரித் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்காளப் பிள்ளைகளைக் கவனித்து, 1926-ஆம் ஆண்டில் இருமொழிக் கல்வியைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். அவர் கேட்ட கேள்வி மிக எளியது. பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை முடிக்காமலே நின்றுவிடுகிறார்கள். அப்படி இடையில் நிற்பவன் கையில், அன்றுவரை படித்ததற்குப் பயனாக என்ன மிஞ்சுகிறது? காப்புறுதிப் பத்திரத்தை இடையிலே ஒப்படைத்தால் ஏதேனும் ஒரு தொகை கிடைக்கிறதன்றோ? கல்விக்கும் அத்தகைய ஒப்படைப்பு மதிப்பு வேண்டும் என்றார் அவர். எட்டாம் வகுப்போடு நிற்கும் பெண், ஒரு மருந்துப்புட்டியின்மேல் எழுதியதைப் படிக்கவும், ஓர் எளிய புத்தகத்தைப் புரிந்துகொள்ளவும் கூடுமானால் அவள் படித்த காலம் வீண்போகவில்லை. பத்தாம் வகுப்பில் மட்டுமே பயன் தரும்படி பாடத்தை அமைத்தால், நடுவில் நின்றவள் வெறுங்கையோடு போகிறாள். எனக்கு இக்கருத்து நெஞ்சில் தைத்தது. ஒன்பதாம் வகுப்போடு என்னைவிட்டுப் போன சிறுவன் கையில் என்ன கொண்டு போனான்? 'நகல்' என்ற பட்டப்பெயரைக் கொண்டு போனான்.

எத்தனை சொல் வேண்டும் என்பதிலும் முன்னோர் கணக்குப் பார்த்திருக்கின்றனர். ஆக்டன் என்பவர் 1930-இல் 850 சொற்களைத் தெரிந்தெடுத்து, இவற்றைக்கொண்டே பெரும்பாலான கருத்துக்களைச் சொல்லலாம் என்று ஒரு திட்டம் வகுத்தார். வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 தலைச்சொற்கள் உள்ளன. கணக்கிட்டுப் பாருங்கள். ஆறாம் வகுப்பு முதற் பத்தாம் வகுப்பு வரை ஐந்தாண்டு. ஆண்டொன்றுக்குப் பள்ளி நடப்பது 200 நாள் என்று குறைத்தே கொண்டாலும், 1,000 நாள். நாளொன்றுக்கு இரண்டு சொல் மனத்திற் பதிந்தால் 2,000 சொல் ஆகிவிடும். இரண்டு சொல் கற்க இயலாத பிள்ளை எவனுமில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஆனால் அவ்விரண்டு சொல்லும் அவன் வாயிற் புழங்கவேண்டும்; ஏட்டில் எழுதி மூடிவைத்தாற் பயனில்லை.

புழங்குவதற்கு நேரம் எங்கே என்பது அடுத்த கேள்வி. என் வகுப்பில் 60 பிள்ளைகள். பாடவேளை 40 நிமிஷம். நான் வாயே திறவாமல் முழு நேரத்தையும் அவர்களுக்குப் பங்கிட்டாலும் ஆளுக்கு 40 விநாடிதான். நான் பேசினால் அதுவுமில்லை. பலவாண்டு இக்கணக்கைப் பாராமல், நானே பேசி நானே களைத்துப்போனேன். பிறகு இருவர் இருவராகத் திருப்பி உட்காரவைத்து, ஒருவரோடொருவர் பேசச் செய்தேன். இருபது நிமிஷம் அப்படிப் பேசினால் ஒவ்வொருவனுக்கும் பத்து நிமிஷம் கிடைக்கிறது. பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து, "இதென்ன சந்தைக்கடையா?" என்று கேட்டார். ஆம், சந்தைதான். சந்தையில் வாய் திறவாதவன் எவன்?

பிரிட்டிஷ் கவுன்சிலைச் சேர்ந்த என்.எஸ். பிரபு என்பவர், 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் சில பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முன்வைத்துக் கற்பிப்பதற்குப் பதிலாக, புகைவண்டி நேர அட்டவணை, ஊர்ப்படம் முதலியவற்றைக் கொடுத்து, அவற்றைக்கொண்டு தீர்க்கவேண்டிய சிறு சிறு வேலைகளைப் பிள்ளைகளுக்குத் தந்தார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போது மொழி தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. அதனை 1987-இல் நூலாகவும் வெளியிட்டார். நான் அதைப் பிற்காலத்தில் அறிந்து, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துப் பலகையிலிருந்து நேரங்களை எழுதிவந்து, "காலை பத்து மணிக்கு மதுரை ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டுமானால் எந்த வண்டியில் ஏறவேண்டும்?" என்று ஆங்கிலத்திற் கேட்டேன். பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பழகிய ஒரு பையன், அதுவரை வாய் திறவாதவன், "நோ சார், தட் பஸ் டெய்லி லேட்" என்றான். அதில் ஒரு வினைச்சொல் குறைகிறது. நான் அதைத் திருத்தவில்லை. "ஈஸ் இட் லேட் எவ்ரி டே?" என்று சரியான உருவிலே திருப்பிக் கேட்டேன். அவன், "யெஸ் சார், இட் ஈஸ் லேட்" என்றான். திருத்தமும் நடந்துவிட்டது, அவமானமும் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, தேர்வைப்பற்றிப் பேசாதிருந்தால் நீங்கள் விடமாட்டீர்கள். நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலம் எழுத்துத் தேர்வே. நாவுக்கு அங்கே வேலையில்லை. நூற்றுக்கு 35 வாங்கினால் தேர்ச்சி. ஆகவே, கட்டுரை இரண்டையும் கடிதம் ஒன்றையும் மனப்பாடம் செய்வித்துப் பிள்ளையைக் கரையேற்றிவிடும் வழக்கம் வந்துவிட்டது. நானும் செய்திருக்கிறேன். பிள்ளை தேறாவிட்டால் அவன் எதிர்காலம் அடைபடுமே என்னும் பயத்தினாற் செய்தேன். அதைக் குற்றமென்று ஒருவர் சொன்னால் மறுக்கமாட்டேன். ஆனால் மனப்பாடம் செய்தவன் தேர்வில் தேறுவான். கேள்வியைச் சிறிது மாற்றிக் கேட்டால் திகைப்பான். தெருவில் ஒருவர் வழி கேட்டால் ஓடி ஒளிவான். பத்து வருஷம் படித்தும் நாலு வார்த்தை வரவில்லையே என்று நீங்கள் கேட்டீர்களல்லவா? நாம் கற்பித்தது ஒன்று, எதிர்பார்ப்பது வேறொன்று. நீந்தும் விதியை எழுதிக் கற்றவனை ஆற்றில் இறங்கச் சொன்னால் எப்படி?

அதற்கு மாற்றாகப் பல பெற்றோர் பிள்ளைகளை இளமையிலேயே ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்த்துவிடுகின்றனர். அவர்கள் ஆசையை நான் பழிக்கமாட்டேன். உயர்நீதிமன்றமும், மருத்துவக் கல்லூரியும், பெரிய கம்பெனியும் ஆங்கிலத்தில் நடக்கும் நாட்டிலே, தன் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்கவேண்டுமென்று தகப்பன் விரும்புவது இயற்கை. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தைக் கற்பது வேறு. ஆங்கிலத்தின் வாயிலாகக் கணக்கையும் விஞ்ஞானத்தையும் கற்பது வேறு. வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் இல்லாத பிள்ளைக்கு, அறியாத மொழியில் அறியாத பொருளைக் கற்பித்தால் இரண்டும் நிற்பதில்லை. 1956-ஆம் ஆண்டில் அரசியல் சாசனத்திற் சேர்க்கப்பட்ட 350-ஏ என்னும் விதி, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று கூறுகிறது. அதன் கருத்து ஆங்கிலப் பகை அன்று. பிள்ளைக்கு முதலில் நிற்கத் தரை வேண்டும் என்பதே. தமிழில் ஒரு கதையைக் கோவையாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை ஆங்கிலத்திலும் விரைவிற் சொல்லக் கற்றான். தமிழிலேயே தடுமாறிய பிள்ளை இரண்டிலும் தடுமாறினான். என் 33 ஆண்டில் இதற்கு மாறாக நான் கண்டது மிகச் சிலவே.

அயல்மொழியைக் கற்பவன் எப்படிக் கற்பதென்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. இத்தாலி தேசத்திலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழைக் கற்று, 1732-இல் சதுரகராதியை ஆக்கினார். தம்மைப்போல் வெளிநாட்டிலிருந்து வருவோர் தமிழ் கற்கும்பொருட்டு லத்தீன் மொழியிலே இலக்கணமும் எழுதினார். அதில் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள். பேச்சுத்தமிழாகிய கொடுந்தமிழுக்கு ஒரு நூலும், செந்தமிழுக்கு ஒரு நூலுமாகப் பிரித்தே எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சாயிற்று. செந்தமிழிற் காவியம் பாடிய பெரும்புலவர், ஊர்மக்கள் பேசும் மொழியையும் இலக்கணம் எழுதத் தக்கதாகவே மதித்தார். பேச்சைத் தள்ளிவிட்டு ஏட்டை மட்டும் கற்பவன் அம்மக்களோடு பழக முடியாதென்பதை அவர் அறிந்திருந்தார். நாமோ ஆங்கிலத்தில் ஏட்டை மட்டும் கற்பித்துவிட்டு, பேச்சு வரவில்லையே என்று வருந்துகிறோம்.

இனி, தொடக்கத்திற் சொன்ன கதையை முடிக்கவேண்டும். 2008-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒருவர் தம் மகளை ஆறாம் வகுப்பிற் சேர்க்க வந்தார். நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவரே, "சார், நான்தான்" என்று பெயரைச் சொன்னார். வெளிநாட்டில் ஆறு வருஷம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியிருந்தார். மேஸ்திரியோடு ஆங்கிலத்திலேயே பேசிச் சமாளித்ததாகவும், அங்கே எவரும் சிரிக்கவில்லை என்றும் சொன்னார். குத்திக்காட்டும் எண்ணம் அவர் குரலில் இல்லை. அதுவே எனக்கு அதிகம் வலித்தது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறி, "ஐயையோ, அதெல்லாம் எதுக்கு சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சற்று நின்று, "இவளைப் படிக்கச் சொல்லும்போது மட்டும் பிள்ளைகள் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சார்" என்றார். கட்டணச் சலுகை கேட்கவில்லை, மதிப்பெண் கேட்கவில்லை. அதை மட்டுமே கேட்டார்.

அப்பெண் சில மாதம் வகுப்பில் பேசவேயில்லை. தகப்பனுக்கு இருந்த அச்சம், முதற் பாடத்துக்கு முன்பே மகளிடம் வந்து சேர்ந்திருந்தது. நான் வற்புறுத்தவில்லை. வகுப்பில் எவன் பிழை செய்தாலும் அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று எல்லோருமாகத் தேடுவோம். தமிழிலிருந்து வந்ததென்று கண்டுபிடித்தவனுக்குக் கைதட்டு. சிரிப்புக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. பொங்கல் கழிந்து ஒருநாள், 'இட் ஈஸ் ரெயினிங்' என்று எழுதிப்போட்டேன். அவள் எழுந்து, "சார், வாட் ஈஸ் இட்?" என்றாள். என்னவென்று கேட்கிறாள் என்று நினைத்து வெளியே எட்டிப் பார்த்தேன். "இல்லை சார், அந்த 'இட்' என்ன? மழை பெய்கிறது என்றால் மழைதானே பெய்கிறது. இட் எங்கேயிருந்து வந்தது?" என்றாள். ஆங்கிலத்தில் எழுவாய் இல்லாமல் வாக்கியம் நிற்காது, ஆகையால் வேலையொன்றும் இல்லாத ஒரு சொல்லை வாசலில் நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்றேன். "அப்படியானால் அது நம்ம ஊர்க் காவற்காரத் தாத்தா மாதிரி" என்றாள். வகுப்பு சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு வேறு, தகப்பன் கேட்ட சிரிப்பு வேறு. இரண்டையும் பிரித்தறிவதே என் தொழிலில் நான் கற்ற பெரிய பாடம்.

சபையோரே, நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்களைச் சமர்ப்பித்து முடிக்கிறேன். ஒன்று: நம் வாசகசாலையில் ஓர் அலமாரியை ஒதுக்கி, எளிய ஆங்கிலக் கதைப்புத்தகங்களையும் எளிய தமிழ்க் கதைப்புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல அனுமதியுங்கள். புத்தகம் கிழிந்தால் கோபிக்காதீர்கள். படித்த புத்தகமே கிழியும். இரண்டு: சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், கல்லூரியிற் படிக்கும் நம் பிள்ளைகள் பள்ளிப் பிள்ளைகளோடு ஆங்கிலத்திற் பேசிப் பழகட்டும். தேர்வு வேண்டாம், பதிவேடு வேண்டாம், அபராதமும் வேண்டாம். நானும் வருவேன். மூன்று: ஆண்டுவிழாவில் ஆங்கிலத்தில் முதல் மதிப்பெண் பெற்றவர்க்குப் பரிசளிக்கிறீர்கள்; அது நடக்கட்டும். அதனோடு, ஒரே கதையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சபையில் நின்று சொல்லும் பிள்ளைக்கும் ஒரு பரிசு வையுங்கள். பிழையோடு சொன்னாலும் கொடுங்கள்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. விருந்தினர் வந்தபோது, "எங்கே, இங்கிலீஷிலே பேசிக் காட்டு" என்று பிள்ளையை நடுக்கூடத்தில் நிறுத்தாதீர்கள். அவன் தவறிச் சொன்னால் அவர்கள் எதிரே சிரிக்காதீர்கள். எத்தனை மதிப்பெண் என்று கேட்பதற்கு முன், "இன்றைக்கு வகுப்பில் நீ என்ன பேசினாய்?" என்று கேளுங்கள்.